தவளைப் பேராசிரியரைத் திருப்பி அழைத்துக்கொள்ளக் கோரி

ஹெரான் ஏரிக்கரை,
ஏப்ரல் கடைசி. ஏரிப் பனி இன்னும் உடையவில்லை.

மதிப்பிற்குரிய வணிகக் கல்லூரி டீன் கார்மைக்கேல் ஐயா அவர்களுக்கு,

ஹெரான் ஏரிக்கரை ஆர்விட் ஹாபலா வணக்கத்துடன் சொல்லி எழுதுவிப்பது. முழங்கால் தவிர நான் நலம். தாங்களும், தங்கள் வீட்டாரும், தங்கள் கல்லூரியின் வெந்நீர்க் கொதிகலனும் இந்தக் குளிரைத் தாண்டி நலமாக வந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் எங்கள் ஊர்த் தபால் நிலையத்துச் சில்வி. எழுத்து அழகாக இருந்தால் அது அவளுடையது. கோபமாக இருந்தால் அது என்னுடையது.

விஷயம் இதுதான். தங்கள் கல்லூரியில் தலை நரைக்கும்வரை பங்குப் பத்திரச் சட்டம் சொல்லிக்கொடுத்து, வயதாகிவிட்டது என்று போன இலையுதிர் காலத்தில் தாங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்ட பேராசிரியர் ரெய்னோ ஹாபலா என் தம்பி. அவனைத் தாங்கள் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். முழுவேலை வேண்டாம், வாரத்துக்கு ஒரு வகுப்பு போதும். வகுப்பும் இல்லையென்றால் ஒரு காலி அறையும் கரும்பலகையும் கொடுங்கள், அவனே பேசிக்கொள்வான். இனி அவனை வைத்துச் சமாளிக்க எங்கள் ஊரால் முடியாது.

அவன் எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தான் என்று தங்களிடம் சொன்னானோ இல்லையோ, நான் சொல்கிறேன், எனக்கு எல்லாம் கண்முன்னே நிற்கிறது. எங்கள் அப்பா மரம் வெட்டுகிறவர். ஒரு வசந்த காலத்தில் வெள்ளைத் தொப்பி வைத்த மனிதர் ஒருவர் ஊருக்கு வந்தார். வடக்கே தாமிரச் சுரங்கம் ஒன்று இருக்கிறது, அதில் பங்கு வாங்கினால் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றார். பேசும்போது அவர் கையை அசைத்தால் மோதிரம் வெயிலில் மின்னும். அப்பா மோதிரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ரெய்னோ அப்போது பால் பல் விழுந்த பயல். அவன்தான் கேட்டான், "அங்க கீழ என்ன இருக்கு சார்?" என்று. "தோண்டினா தெரியும் தம்பி" என்று சொல்லி அவன் கையில் ஒரு ஆரஞ்சுப் பழத்தை வைத்தார் அந்த மனிதர். அவன் பார்த்த முதல் ஆரஞ்சு அது. உரிக்காமல் வாசனை பார்த்துக்கொண்டே தூங்கிப்போனான். அப்பா வாங்கிவிட்டார். கோடையில் வண்டி கட்டிக்கொண்டு மூன்று பேரும் சுரங்கம் பார்க்கப் போனோம். பிர்ச் மரங்களுக்கு நடுவே ஒரு குழி. குழியில் மழைத் தண்ணீர். தண்ணீரில் தவளைகள். அப்பா தொப்பியைக் கழற்றிவிட்டு, செத்தவர் வீட்டில் நிற்பதுபோல நின்றார். ரெய்னோ குப்புறப் படுத்துக் குழிக்குள் பார்த்தான். "அண்ணே, அவருக்கு இது தெரியும். தெரிஞ்சும் சொல்லல" என்றான். சாயங்காலம் வரைக்கும் அவன் அந்தக் குழியை விட்டு எழுந்திருக்கவில்லை. என்னைக் கேட்டால் இன்னும்கூட எழுந்திருக்கவில்லை. அந்தப் பங்குப் பத்திரம் எங்கள் சவுனா என்கிற நீராவிக் குளியல் அறைச் சுவரில் இடுக்கை அடைத்து ஒட்டியிருக்கிறது. குளிர்காற்றைத் தடுக்கிறது. அது எங்களுக்குக் கொடுத்த லாபம் அது ஒன்றுதான்.

அவன் படிக்கப் போனான், நான் காட்டுக்குப் போனேன். தலைநகரில் பங்கு விற்கிறவர்களைக் கண்காணிக்கிற அலுவலகத்தில் கொஞ்ச காலம் இருந்தான். பிறகு தங்கள் கல்லூரிக்கு வந்தான். "சட்டம் படிச்சவன் வக்கீல் பசங்களுக்குச் சொல்லிக்குடுக்காம வியாபாரிப் பசங்களுக்கு ஏன்டா சொல்லிக்குடுக்கறே?" என்று ஒருமுறை கேட்டேன். "வக்கீலுக்குச் சொன்னா தப்பு நடந்த பின்னாடி வந்து நிப்பான் அண்ணே. வியாபாரிக்குச் சொன்னா நடக்கறதுக்கு முன்னாடியே கொஞ்சம் கூச்சப்படுவான்" என்றான். ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் தவளைக் குழியைப் பற்றித்தான் சொல்வானாமே? பையன்கள் 'தவளைப் பேராசிரியர்' என்று பெயர் வைத்திருந்தார்களாமே? அவனே பெருமையாகச் சொன்னான். எங்கள் அம்மா பொய் சொல்லாதே என்பதைக் கன்னத்தில் விட்ட ஒரே அறையில் சொல்லிக்கொடுத்தாள், அதற்குச் சம்பளமும் வாங்கவில்லை. ஆனாலும் அவன் சம்பளம் வாங்கியதில் எனக்குச் சந்தோஷம்தான்.

அதெல்லாம் அங்கே இருந்தவரைக்கும். இங்கே வந்தானே, அப்புறம் கேளுங்கள். வந்த வாரமே தேவாலயத்தில் பலகாரச் சந்தை. சில்வி ஏலக்காய் ரொட்டி சுட்டு வைத்திருந்தாள், எங்கள் ஊரில் அதற்கு அடிதடியே நடக்கும். இவன் போய், "வாங்கறவங்களுக்கு எல்லாம் தெரியணும் சில்வி" என்று சொல்லி, அட்டையில் இப்படி எழுதி ரொட்டிக்கு முன்னால் வைத்தான். வெண்ணெய் போன வாரத்தது. அடுப்பின் வலது பக்கம் சூடு அதிகம், ஆகவே சில ரொட்டிகள் கருகியிருக்கலாம். போன வருஷம் ருசியாக இருந்ததை வைத்து இந்த வருஷமும் அப்படியே இருக்கும் என்று எண்ண வேண்டாம். (எழுதுபவள்: ஒன்றுகூட விற்கவில்லை. அன்றைக்கு ராத்திரி, காலை, மறுநாள் ராத்திரி எல்லாம் நான் ரொட்டிதான் சாப்பிட்டேன். – சி.) அதோடு விட்டானா? என் பழைய படகை வாங்கக் குஸ்தா வந்தான். மரக்கடைக் குஸ்தா, கல்லுக்கும் விலை பேசுகிறவன். தம்பி அவனை உட்காரவைத்துக் காபி கொடுத்து, படகின் அடிப்பலகை எங்கே ஊறியிருக்கிறது, எந்த ஆணி துருப்பிடித்தது, எந்த வருஷம் பாறையில் இடித்தது என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தான். அத்தனையும் முன்னே ஒரு சாயங்காலம் நான்தான் அவனிடம் சொன்னது. குஸ்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வாங்கவில்லை. இப்போதும் வழியில் பார்த்தால், "படகு எப்படி இருக்கு ஆர்விட்டு? பரவாயில்லையா?" என்று நோயாளியை விசாரிப்பதுபோல விசாரிக்கிறான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன் ஐயா. ஏரி விஷயம்தான் தாங்க முடியவில்லை. எங்கள் ஊரில் ஒரு வழக்கம். குளிர்காலத்தில் பள்ளிக்கூடத்தின் உடைந்த பியானோவை இழுத்துக்கொண்டுபோய் ஏரிப் பனிக்கட்டி நடுவில் வைப்போம். அதிலிருந்து ஒரு கயிறு கரையிலிருக்கும் கடிகாரத்துக்கு. வசந்தத்தில் பனி உடைந்து பியானோ இறங்கும்போது கயிறு இழுபட்டுக் கடிகாரம் நின்றுவிடும். அது எந்த நாள் என்று முன்கூட்டியே சரியாகச் சொன்னவர்தான் அந்த வருஷக் கோடை நடுவில் ஏரிக்கரைச் சொக்கப்பனையைக் கொளுத்துவார். இந்த ஊரில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. அதை நான் கொளுத்திய அத்தனை முறை வேறு யாரும் கொளுத்தியதில்லை. பனிக்காலம் முழுக்க நான் பனியில் துளை போட்டு மீன்பிடிக்கிறவன். மத்தியானத்தில் மூடுபனி இறங்கி, கரை எது வானம் எது என்று தெரியாமல் எல்லாம் பால்போல ஆகிவிடும். அப்போது காற்று பியானோவின் மிச்சக் கம்பிகளைத் தொடும். ஏரி அடியிலிருந்து சினைமாடுபோல முனகும். உட்கார்ந்து கேட்டுக்கொண்டேயிருப்பேன். நான் விழித்திருக்கிறேனா, ஏரி என்னைக் கனவு காண்கிறதா என்றே தெரியாது. அப்படியே ஒரு நாள் மனசில் வரும். அதைச் சொல்வேன். ஏரியில் கால் வைக்கிற எவனும் முதலில் என் வாசலுக்கு வந்து, "ஆர்விட்டு, நடக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவான்.

இவன் கண்டுபிடித்துவிட்டான். "அண்ணே, நீ உள்ளே இருக்கற ஆளு. மத்தவங்களுக்குத் தெரியாதது உனக்குத் தெரியும். அதை வெச்சு நீ ஆடக் கூடாது. ஒண்ணு எல்லாருக்கும் சொல்லணும், இல்லேன்னா விலகணும்." "இது ஏரிடா, சுரங்கம் இல்ல." "குழிதானே அண்ணே. கீழ என்ன இருக்குன்னு ஒருத்தனுக்கு மட்டும் தெரியற குழி."  தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் காபிக்கு நடுவே என்னை எழுப்பி நிற்கவைத்தான். நானும் துளையின் ஆழம், பனியின் கறுப்பு, முனகலின் சுருதி, மனசில் வந்த நாள், எல்லாவற்றையும் சொன்னேன். ஊர் மொத்தமும் அதே நாளை எழுதிப் போட்டது. அந்த நாளில் ஊரே நாற்காலியோடு கரைக்கு வந்தது. ஆளுக்கொரு தீப்பெட்டிகூடக் கொண்டுவந்திருந்தார்கள், சொக்கப்பனை கொளுத்த யார் முந்துவது என்று சண்டை வேறு. பொழுது சாய்ந்தது. பியானோ அசையவில்லை. காற்று ஒரே ஒரு கம்பியைத் தட்டிவிட்டுப் போயிற்று. குஸ்தா நாற்காலியை மடக்கிக்கொண்டே, "என்ன ஆர்விட்டு, ஏரி உங்கிட்ட பேச்சை நிறுத்திடுச்சா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். இப்போது யாரும் என் வாசலுக்கு வருவதில்லை, வானொலியைக் கேட்கிறார்கள். தம்பி என் தோளில் கை வைத்து, "உண்மை வெளிய வந்துடுச்சு அண்ணே, இனிமே உன் மதிப்பு சரியான மதிப்பு" என்றான். அவனைத் தாங்கள் ஏன் கல்லூரியில் பூட்டியே வைத்திருக்கவில்லை என்று அப்போதுதான் ஐயா நினைத்தேன்.

அவனுக்கும் வகுப்பு இல்லாமல் முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மத்தியானக் காபிக்குப் பிறகு சன்னலோர நாற்காலியில் கண் அயர்வான். வெளியே பனியின் வெளிச்சம், உள்ளே அடுப்பின் சூடு. தூக்கத்திலேயே பாடம் தொடங்கிவிடும். "சொல்லாம விட்டதும் பொய்தான். பாதி சொன்னதும் பொய்தான். எது முக்கியமான விஷயம்? அதைத் தெரிஞ்சிருந்தா ஒருத்தன் வேற முடிவு எடுத்திருப்பான்னா, அது முக்கியம்." நான் மூச்சு விடாமல் உட்கார்ந்து கேட்பேன். பள்ளிக்கூட பெஞ்சில் ஒரு நாள்கூட உட்காராதவன் நான். ஒருநாள் கண்ணைத் திறக்காமலே, "பின்னாடி இருக்கற ஹாபலா, நீங்க சொல்லுங்க" என்றான். "சொல்லணும், இல்லேன்னா விலகணும் சார்" என்றேன். "உக்காருங்க" என்றான்.

ஆகவே ஐயா, கோடைக்கு முன்னால் அவனை அழைத்துக்கொண்டால் ஊர் பிழைக்கும், நானும் பிழைப்பேன். தங்கள் மேசைமேல் எப்போதும் நல்ல காபி இருக்கட்டும், தங்கள் பிள்ளைகள் யாரும் குழியில் பங்கு வாங்காதிருக்கட்டும். தங்கள் கொதிகலனுக்கும் என் விசாரிப்பு.

இங்ஙனம்,
ஆர்விட் ஹாபலா (கையெழுத்துக்குப் பதில் எங்கள் ஏரியின் பைக் என்கிற மீனை வரைந்திருக்கிறேன்)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது சில்வி, "இதை ரெய்னோகிட்ட சொல்லாம அனுப்பக் கூடாது ஆர்விட். அவர் சட்டப்படியே தப்பு" என்றாள். சரிதான் என்று வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவன் கோபப்படவில்லை, முகம் சிவந்தான். "அண்ணே, டீன் என்னை அனுப்பல. போகாதேன்னு கெஞ்சினாரு. கிறிஸ்துமஸப்போ போன் பண்ணித் திரும்பக் கூப்பிட்டாரு, போன மாசமும் கூப்பிட்டாரு" என்றான். என் வீட்டில் தொலைபேசி இல்லை, கூப்பிட்டால் தபால் நிலையத்தில்தான். அப்படியானால் இத்தனையும் எழுதிக்கொண்டிருந்த சில்விக்கு இது முன்னமே தெரிந்திருக்கிறது! (எழுதுபவள்: தபால் நிலையத்தில் காதில் விழுந்ததை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. – சி.) "ஊருக்கெல்லாம் சட்டம் சொன்னியேடா, என்கிட்ட ஏன் மறைச்சே?" என்றேன். "தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பே?" "உன்னை வேணும்னு ஒரு இடம் இருக்குன்னா, போடான்னு அனுப்பியிருப்பேன்." "அப்போ அது முக்கியமான விஷயம்தான். மறைச்சது தப்பு" என்று தலையைக் குனிந்துகொண்டான். குனிந்தபடியே, "எனக்கு இங்கயே இருக்கணும் அண்ணே" என்றான்.

அவன் சொன்னபிறகு நான் சும்மா இருக்க முடியுமா? மேலே எழுதியதில் நானும் ஒன்றை விட்டுவிட்டேன் ஐயா. அவனுக்குத் தூக்கம் வராத மத்தியானங்களில், தூங்கினால் பாடம் கேட்கலாமே என்று அடுப்பில் இரண்டு கட்டை கூடப் போடுவது நான்தான்.

அதைச் சொல்லி முடிக்கவும் ஏரிப் பனி உடைந்தது. தூரத்தில் பியானோ எல்லாக் கம்பிகளையும் ஒருசேரத் தொட்டதுபோல ஒரு சத்தம் கொடுத்துவிட்டு இறங்கியது. கரையில் ஒரு ஆளும் இல்லை. "ஊருக்குச் சொல்லணும் அண்ணே" என்றான். "காபியைக் குடிச்சிட்டுச் சொல்லலாம்டா" என்றேன். வாழ்க்கையில் முதல்தடவையாக அவன் ஊருக்குத் தெரிய வேண்டியதைச் சொல்லாமல், ஒரு குவளை காபி தீரும்வரை என்னோடு உட்கார்ந்திருந்தான். மூடுபனிக்குள் பனிக்கட்டிகள் ஒன்றோடொன்று உரசி மணிபோல ஒலித்துக்கொண்டிருந்தன.

எனவே மேலே கேட்டதையெல்லாம் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளவும். கிழித்துப் போடுகிறேன் என்றேன், எழுதியதை மறைக்கக் கூடாது, முழுசாக அனுப்ப வேண்டும் என்று ரெய்னோ பிடிவாதம் பிடிக்கிறான். அவனை அழைக்க வேண்டாம். மீறித் தாங்கள் தொலைபேசியில் கேட்டால், ரெய்னோ மீன்பிடிக்கப் போயிருக்கிறார், எப்போது வருவார் தெரியாது என்று சில்வி சொல்வாள். அது பொய் என்பதை இப்போதே தங்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.