வடக்கே பார்த்து நில்லுங்கள்

ஜெயபாயின் வீடு கடலுக்குள் போய்விட்டது.

"ஏட்டி ஷீஜா, எனக்க வீட்டை மட்டும் ஏன் தண்ணிக்குள்ள கொண்டு வச்சிருக்க? நான் உனக்கு என்ன துரோகம் செய்தேன்?"

ஷீஜா குனிந்து பார்த்தாள். உண்மைதான். மண்டைக்காட்டுக்குப் பக்கத்திலிருந்த அவர்களுடைய கடற்கரை ஊரை, சர்ச்சுக்கு முன்னால் இருந்த மணல்வெளியில் கோலப்பொடியால் வரைந்து கொண்டிருந்தார்கள். நீலம் கடல், மஞ்சள் தெரு, வெள்ளை வீடு. அவரவர் வீட்டை அவரவரே வரையட்டும் என்று பெருந்தன்மையாகச் சொன்னது ஷீஜாதான். ஆளாளுக்கு மாளிகை கட்டிவிட்டார்கள். நாலு வள்ளம் வைத்திருக்கும் கிளீட்டஸ், இல்லாத போர்ட்டிகோவையும் சேர்த்து வரைந்திருந்தார். கடைசியாக வந்த ஜெயபாய்க்காக ஷீஜா வரைந்து வைத்த வீட்டுக்கு நீலக் கடலில்தான் இடம் மிச்சம்.

ஷீஜா அந்த ஊரின் பேரிடர் தன்னார்வலர். போன வருஷம் சுனாமி ஒத்திகைக்குச் சைரன் ஊதியபோது, ஊரில் பாதிப்பேர் அலை எப்படி வருகிறது என்று பார்க்கக் கடலுக்கு ஓடினார்கள். தாசில்தார் அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "அடுத்த தடவையும் இப்படின்னா, புயல் காப்பகம் பக்கத்து ஊருக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். புயல் வரும்போதெல்லாம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊர்க் கல்யாண மண்டபத்தில் போய்ப் படுக்கிற ஊர் அது. அந்த வார்த்தை ஷீஜாவுக்கு முள்ளாகக் குத்திக் கிடந்தது. மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டிய வழியை ஊரே சேர்ந்து வரைந்தால் மனதில் நிற்கும் என்று அவள்தான் இதை ஆரம்பித்தாள்.

"அளவு வேணும். ஊர்ல நூறு அடின்னா இங்க ஒரு சாண். எல்லாருக்கும் ஒரே கணக்கு" என்றாள்.

அழித்து வரைந்தார்கள். ஜெயபாய் கரையேறினாள். ஆனால் வீடு சுருங்கிவிட்டது.

"இந்தத் தீப்பெட்டிக்குள்ள இருந்தா நான் ஏழு பேருக்குச் சோறு பொங்குதேன்?"

"சரி அக்கா, வீடே வேண்டாம். வீட்டுக்கு ஒரு புள்ளி. நடக்க முடியாதவிய உள்ள வீட்டுக்குச் சிவப்புப் புள்ளி. அவியளை முதல்ல தூக்கணும்."

நல்ல யோசனைதான். ஆனால் சும்மா கிடக்கிற வெள்ளையை விட சிவப்பு எல்லோருக்கும் பிடித்துப் போயிற்று. ஜெயபாய்க்கு முட்டுவலி வந்தது. கிளீட்டஸுக்கு இடுப்பு பிடித்தது. சற்று நேரத்தில் ஊருக்கே அம்மை போட்டதுபோல் ஆனது. ஷீஜா மறுபடி துடைப்பத்தை எடுத்தாள். வீடுவீடாக விசாரித்து, உண்மையிலேயே படுக்கையில் கிடக்கிறவர்களுக்கு மட்டும் சிவப்பு வைத்தாள்.

பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல் மேல்பக்கம் வடக்கு என்று ஓர் அம்புக்குறியும் போட்டாள். கடலைப் பார்த்து நின்றுகொண்டு போட்டதை அவள் கவனிக்கவில்லை.

"இதைப் பாத்தே நடந்தா மேட்டுப் பள்ளிக்கூடம் வந்திருமா?" என்று கேட்ட கிளீட்டஸ், அம்புக்குறி காட்டிய பக்கமே நடந்தார். முழங்கால் அளவு அலையில் போய் நின்று திரும்பிப் பார்த்தார்.

"மக்கா, வடக்கு இதுதான்னா, இம்புட்டு நாளும் நான் வடக்கேயா மீன் பிடிச்சேன்?"

ஷீஜா அம்புக்குறியையும் கடலையும் மாறிமாறிப் பார்த்தாள். தப்பு எங்கே என்று பிடிபட்டுவிட்டது.

"படத்துல உள்ள வடக்கு, ஊர்ல உள்ள வடக்கைப் பாத்து இருக்கணும். எல்லாரும் திரும்பி, கடலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்க. முதல்ல இருந்து வரைவோம்."

"கடல்காரன் கடலுக்கு முதுகு காட்டுவானா?" என்றார் கிளீட்டஸ்.

"சுனாமி வந்தா பின்ன எதைக் காட்டுவிய அண்ணே?"

கூட்டம் சிரித்துக்கொண்டே திரும்பியது. இந்தத் தடவை படமும் ஊரும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி உட்கார்ந்தன. கடற்கரையிலிருந்து மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு மஞ்சள் சந்து நேராக ஏறியது. ஷீஜா மூச்சு விடுவதற்குள் ஜெயபாய் அதன் நடுவில் விரலை வைத்தாள்.

"இந்த வழியா எப்படி ஓட? இதுல கிளீட்டஸுக்க வலைக் கொட்டகைலா நிக்கி?"

கிளீட்டஸ் காலால் மஞ்சள் பொடியைத் தேய்த்தார். "அப்ப இந்த வழியை அழிச்சிரு. பிரச்சினை தீந்துச்சு."

"இங்க அழிச்சா அங்க வழி வருமா அண்ணே?" ஷீஜா அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஊரும் பார்த்தது. கிளீட்டஸ் வானத்தைப் பார்த்தார். பிறகு போய்க் கொட்டகையைப் பிரிக்கத் தொடங்கினார்.

ஒத்திகை நாள் வந்தது. காலையிலிருந்தே ஊர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. திடீரென்று கடற்கரையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. காது கிழிகிற, நீண்ட சத்தம்.

ஒருவரும் கடலைத் திரும்பிப் பார்க்கவில்லை. சிவப்புப் புள்ளி வீடுகளிலிருந்து நாற்காலியோடு ஆட்களைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடியது கிளீட்டஸ்தான். முட்டுவலி ஜெயபாய் எல்லோரையும் முந்திக்கொண்டு சந்தில் ஏறினாள். ஷீஜா மேலே போய் எண்ணிப் பார்த்தபோது தெருத்தெருவாக ஊர் முழுதும் நின்றது. ஓர் ஆள் குறையவில்லை.

பின்பக்க ரோட்டில் வந்த ஜீப்பிலிருந்து இறங்கிய தாசில்தார் அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

"சைரன் ஆளைக் கீழே அனுப்பிட்டு நேரா இங்கே வர்றேன். எனக்கு முன்னாடி நீங்க நிக்கிறீங்களே." அவர் ஷீஜாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "காப்பகம் உங்க ஊருக்குத்தான். நானே எழுதி அனுப்புறேன்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஜெயபாய் ஷீஜாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். கிளீட்டஸ், தானே வரைந்த படம்போல, வந்த அதிகாரிகளுக்கு அளவும் திசையும் விளக்கிக் கொண்டிருந்தார்.

அப்போது சந்து வழியாக மூச்சிரைக்க ஏறி வந்தான் ஐஸ் லாரி டிரைவர். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தை ஏற இறங்கப் பார்த்தான்.

"புது ஹாரன் எப்படி இருக்குன்னு ஒரு அமுக்கு அமுக்கிப் பாத்தேன். அங்க ஐஸ் உருகி ஓடுது, இறக்க ஒரு ஆளைக் காணும், எல்லாரும் இங்க வந்து நின்னு என்ன செய்யிய?"