அடிகள் படித்த எருமை

சங்கு அலறியது.

ஆலைச் சங்கு போல நீளமாக, தெருவையே உலுக்கும் ஓலம். எங்கோ குண்டு விழப் போகிறது என்று யாரும் ஒளிந்துகொள்ளவில்லை. சங்கு ஊதிய இடத்தை நோக்கித்தான் ஓடினார்கள். சைக்கிளைப் பூட்டாமல் போட்டுவிட்டு ஓடினார்கள். சலூனிலிருந்து ஒருவர் பாதிக் கன்னத்தில் சோப்பு நுரையோடு ஓடினார். மணி பதினொன்று. கழுகுக்கண் அடிகள் மேடையேறும் நேரம்!

அக்காவும் ஓடினாள். ஓடினாள் என்பதைவிட, தம்பி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான் என்பதே சரி. பின்னால் அவள் மகள் வந்தாள்.

"மெதுவாடா! நான் என்ன பட்டாளத்துக்கா போறேன்?"

"நீ போகலக்கா. உன் பொண்ணு போறா. முன் வரிசை கிடைக்கலன்னா அடிகளோட பார்வை படாது."

முன்பு தட்டச்சு நிலையமாக இருந்த மாடிக் கூடம் அது. மேடையில் ஒரு பழைய விமானத்தின் பயணிகள் இருக்கை. பழைய இரும்புக் கடையில் வாங்கியது. அடிகள் அதில் அமர்ந்ததும் இடுப்புப் பட்டியை மாட்டிக்கொள்வார். மேடை எங்கும் பறக்கப் போவதில்லைதான். ஆனாலும் எச்சரிக்கையாக இருப்பதில் தப்பில்லையே!

அடிகளின் தொழில் நூதனமானது. விமானப்படையில் அதிகாரியாகச் சேர்ந்து விமானம் ஓட்ட விண்ணப்பித்திருக்கும் பிள்ளைகளுக்குக் கழுகுப் பார்வை வழங்குவது. விமானப்படை ஐந்து நாள் வைத்துச் சோதிக்கும். படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்லும். பீப்பாயையும் பலகையையும் கொடுத்துப் பள்ளத்தைத் தாண்டச் சொல்லும். எட்டுப் பேரை உட்கார வைத்து விவாதிக்கச் சொல்லும். எல்லாவற்றுக்கும் அடிகளிடம் வழி இருந்தது. எந்தப் படம் காட்டினாலும் கதையில் ஒரு கழுகு வர வேண்டும். விவாதத்தில் வாயைத் திறக்காமல் விட்டத்தைப் பார்க்க வேண்டும்.

போன தடவை ஆஸ்பத்திரிக் கட்டிலருகே ஒருவர் உட்கார்ந்திருக்கும் படத்தைக் காட்டினார்களாம். அடிகளின் சீடர்கள் முப்பத்தோரு பேரும் ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாகக் கழுகைப் பறக்கவிட்டார்கள். முப்பத்தோரு பேரும் அன்று மாலை வண்டியிலேயே ஊர் திரும்பினார்கள்.

"கழுகு எந்தப் பக்கத்துலேருந்து வந்துச்சு?" என்று கேட்டார் அடிகள்.

"இடது பக்கத்துலேருந்து, அடிகளே."

"அதான்!"

முப்பத்தோரு பேரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். தங்கள் தலையில்தான். அடிகளின் தலையில் அடிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அக்காவின் மகள் இந்தக் கழுகு எதையும் நம்பியிராத காலத்தில், தானாகப் படித்து, தானாக ஓடிப் பழகி, அந்த ஐந்து நாள் தேர்விலும் தேறிவிட்டாள். கைப்பிடியும் மிதியும் வைத்த இயந்திரத்தில் உட்கார்ந்து விமானம் ஓட்டும் தகுதியைக் காட்டும் சோதனையிலும் தேறினாள். அந்தச் சோதனையை ஒருவர் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் செய்ய முடியும். மிச்சம் இருந்தது மருத்துவச் சோதனை. வருகிற வெள்ளிக்கிழமை. அதில் முக்கியம் கண்.

அங்கேதான் தம்பிக்குப் பயம். இருபது வருஷத்துக்கு முன்னால் அவனும் விமானி ஆகப் போனவன். கண் சோதனையில் அவனைத் திருப்பி அனுப்பினார்கள். இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறான். "என் மருமக கண்ணுல கோட்டை விடக் கூடாதுக்கா" என்று அழாத குறையாகச் சொல்லித்தான் அவளை அடிகளிடம் சேர்த்திருந்தான்.

"எதுக்குடா? அவ கண்ணு நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருந்தாப் போதுமா? கழுகு மாதிரி இருக்க வேணாமா?"

அக்கா கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். பதினெட்டு வருஷமாக வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறாள். கழுகு ஒன்றுகூடக் கண்ணாடி மாட்ட வந்ததில்லை என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.

கூடத்தின் கடைசியில், மேடையிலிருந்து நாற்பதடி தள்ளி, கண் பரிசோதனை எழுத்துப் பலகை தொங்கியது. அடிகள் கண்ணைச் சுருக்காமல், தலையைச் சாய்க்காமல் படித்தார். "ட. அடுத்த வரி, ப, ர. அடுத்தது ம, ல, ச..." கடைசி வரியின் கடுகு எழுத்து வரை மளமளவென்று ஒப்பித்தார். கூடம் கைதட்டலில் அதிர்ந்தது.

அக்காவும் உதடசைத்துக் கூடவே படித்தாள். அவள் பலகைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். அதே பலகைதான் அவள் கடையிலும் தொங்கியது. எல்லாக் கண்ணாடிக் கடைகளிலும் தொங்கியது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

பிறகு அவள் அடிகளின் மூக்கைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் இரண்டு சிறு குழிகள். கனமான கண்ணாடியைப் பல வருஷம் சுமந்த மூக்குக்குத்தான் அப்படிக் குழி விழும். அந்த மாதிரி மூக்குகளை நம்பித்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது.

"டேய், இவரு கண்ணாடி போடறவரு."

"அக்கா! கன்னத்துல போட்டுக்கோ!"

பன்னிரண்டு மணிக்கு எல்லாப் பிள்ளைகளையும் மொட்டை மாடிக்கு ஏற்றினார்கள். ஐந்து நாள் பயிற்சி. நடுப்பகல் சூரியனை வெறும் கண்ணால் கால் மணி நேரம் இமைக்காமல் பார்க்க வேண்டும். பார்த்தால் சூரியனுக்குள் ஒரு கழுகு தெரியும். தெரிந்தவன் விமானி. பெற்றவர்களுக்கு மாடியில் அனுமதியில்லை. தவிர, சோதனைக்கு முன்னால் வேறு யாரும் கண்ணைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கழுகு பறந்துவிடுமாம்.

அக்காவுக்கு இது அப்போதுதான் தெரிந்தது. இந்தப் பயிற்சியில் மகளுக்கு ஏற்கெனவே இரண்டு நாள் முடிந்திருந்தது. தியானம் என்றுதான் அக்காவிடம் சொல்லி வைத்திருந்தார்கள். மாடிப்படியை நோக்கிப் பாய்ந்தவளை இரண்டு சீடர்கள் மறித்துக்கொண்டார்கள். கால் மணி நேரம் கழித்து மகள் இறங்கி வந்தாள்.

"சூரியனைப் பாத்தியாடி?"

"பாத்தேன்."

"அறிவிருக்கா உனக்கு? கடைக்கு வா, கண்ணைப் பாக்கறேன்."

"வேணாம்மா. அடிகள் யாரும் பாக்கக் கூடாதுன்னாரு." மகள் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "எனக்குக் கழுகு தெரிஞ்சுதும்மா. விடேன்."

அன்று மாலை கடைக்கு ஒரு பையன் வந்தான். பையன் என்றால் ஆறடி இரண்டு அங்குலம். கூடத்தில் எல்லாரும் நெட்டை என்று கூப்பிடுவார்கள். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. முகத்தில் மட்டும் அப்படி ஒரு பூரிப்பு.

"அம்மா, எனக்குக் கழுகு போகவே மாட்டேங்குது."

"என்னப்பா சொல்ற?"

"எங்க பாத்தாலும் நடுவுல கறுப்பா நிக்குது. உங்களைப் பாக்கறேன், உங்க மூக்கு இருக்கற இடத்துல கழுகு. புஸ்தகத்தைத் திறந்தா எழுத்து மேல கழுகு. அடிகள்கிட்ட சொன்னேன். எனக்குத்தான் அருள் முழுசா இறங்கியிருக்காம்."

அக்கா கையிலிருந்த வில்லையைக் கீழே வைத்தாள். பலகையைப் படிக்கச் சொன்னாள். ஓரத்து எழுத்துகளைத் திக்கித் திணறிச் சொன்னான். எந்த எழுத்தை நேராகப் பார்த்தானோ அந்த எழுத்து அவனுக்கு இல்லை.

"அது கழுகு இல்லப்பா. கண்ணோட உள்பக்கம் வெந்திருக்கு. அந்த வடு." அவள் அவனைக் கையோடு கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். டாக்டர் ஓட்டை விழுந்த குடத்தைப் பார்ப்பதுபோல அவன் கண்ணைப் பார்த்தார். தேற மாதக் கணக்காகலாம், தேறாமலும் போகலாம் என்றார். நெட்டை அப்போதுதான் அழுதான்.

அக்காவுக்குக் காதில் ஒன்றே ஒன்றுதான் ஒலித்தது. 'எனக்குக் கழுகு தெரிஞ்சுதும்மா.'

மறுநாள் சங்கு ஊதியபோது தம்பி இழுக்காமலேயே அக்கா முன்னால் ஓடினாள். கையில் ஒரு சுருட்டிய தாள் இருந்தது. பக்கத்துத் தீவனக் கடையில் கேட்டு வாங்கிய போன வருஷத்துக் காலண்டர். ஒரு பக்கம் படம். மறுபக்கம் வெள்ளை.

"அடிகளே! நான் கண்ணாடிக் கடையிலேருந்து வரேன். அங்க தொங்கறது பழசாயிடுச்சு. வேற ஒண்ணு கொண்டாந்திருக்கேன், மாட்டட்டுமா?"

"மாட்டும்மா, மாட்டு" என்றார் அடிகள் பெருந்தன்மையாக.

அக்கா பலகையைக் கழற்றிவிட்டுக் காலண்டரை மாட்டினாள். வெள்ளைப் பக்கம் மேடையைப் பார்த்தபடி.

தம்பி பதறினான். "அக்கா, வெறும் தாளுக்கா அது! திருப்பி மாட்டிட்ட!"

"வாயை மூடு."

அடிகள் இடுப்புப் பட்டியைச் சரிசெய்துகொண்டார். தொண்டையைச் செருமினார். "முதல் எழுத்து, ட."

கூடம் திரும்பி வெள்ளைத் தாளைப் பார்த்தது.

"அடுத்த வரி. ப, ர."

அடிகள் தடையில்லாமல் வெறும் தாளை வரிவரியாகப் படித்துக்கொண்டே போனார். ஒரு வரியில் எழுத்து தெளிவாக அச்சாகவில்லை என்று குறைகூடச் சொன்னார்! முடித்ததும் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர் எழுந்தார்.

"மறுபக்கத்துல இருக்கறதைப் படிக்கறாரய்யா! தாளை ஊடுருவிப் பாக்கறாரு!"

அவ்வளவுதான். கூடம் வெடித்தது. இதுவரை அப்படி ஒரு கைதட்டலை அடிகளே கேட்டதில்லை. என்ன காரணம் என்று அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் இரு கையையும் தூக்கி ஆசி வழங்கினார். தம்பி கண்கலங்கிவிட்டான். "பாத்தியாக்கா? மன்னிப்புக் கேளு!"

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். மூடத்தனத்துக்கு ஒரு கதவை அடைத்தால் அது ஜன்னல் வழியாக மாலையோடு வருகிறது!

"மறுபக்கம்தானே? பாத்துடுவோம்" என்றாள். தாளைத் திருப்பினாள்.

எருமை.

எண்ணெய் தேய்த்ததுபோலப் பளபளவென்று, கழுத்தில் மணியோடு, தீவனம் தின்று கொழுத்த முழு எருமை. அது வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு மேடையைப் பார்த்தது.

"அடிகளே, இப்ப என்ன தெரியுது?"

"முன்னயே சொன்னேனேம்மா. ட. அடுத்த வரி, ப, ர."

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். தபால்காரர் விடவில்லை. "எருமை மேல ஏதாவது எழுதியிருக்கா, பாருங்க!" இரண்டு பேர் கிட்டப் போய் எருமையின் வயிற்றைத் தேடிப் பார்த்தார்கள். "மேல வரியில கொம்புதான் இருக்கு" என்றான் ஒருவன். சிரிப்பு பற்றிக்கொண்டது. பெஞ்சிலிருந்து ஆட்கள் சரிந்து விழுந்தார்கள்.

மேடையில் இருந்தவருக்கோ ஒன்றும் விளங்கவில்லை. எதற்குச் சிரிக்கிறார்கள்? ஆர்வம் தாங்காமல் கை தானாக அங்கிக்குள் போனது. சோடாப் புட்டியின் அடிபோலத் தடித்த கண்ணாடி ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார். குழிகளில் அது கச்சிதமாக உட்கார்ந்தது. நாற்பதடி தூரம் பார்த்தார்.

"ஐயோ, எருமை!" என்றார் கழுகுக்கண் அடிகள்.

சிரிப்பு நின்றது. அக்கா நெட்டையின் கதையைச் சொன்னாள். உரக்கச் சொல்லவில்லை, தேவையிருக்கவில்லை. தம்பி மெல்ல உட்கார்ந்துவிட்டான். முன்வரிசைத் தகப்பன் ஒருவர் மேடையை நோக்கி நடந்தார், அவர் பின்னால் இன்னொருவர். அடிகள் எழுந்து ஓடப் பார்த்தார். இடுப்புப் பட்டி விடவில்லை. போலீஸ் வரும்வரை அது அவரைப் பத்திரமாகப் பிடித்துவைத்திருந்தது.

அக்கா அதைப் பார்க்க நிற்கவில்லை. மகளின் கையைப் பிடித்து நேராகக் கடைக்குக் கூட்டிப்போனாள். தம்பி குற்றவாளிபோலப் பின்னால் வந்தான். கடையில் வளர்ந்த பெண்ணுக்குப் பலகை மனப்பாடம் என்பதால், அக்கா ஒரு தாளில் கைக்கு வந்த எழுத்துகளைச் சின்னதாக எழுதி எதிர்ச் சுவரில் ஒட்டினாள்.

"வலது கண்ணை மூடு. படி."

மகள் படித்தாள். ஒரு எழுத்து விடவில்லை.

"அடுத்த கண்ணு."

அதுவும் அப்படியே. கடைசி வரி, அதன் கீழே அக்கா தவறுதலாக வைத்த மைப்புள்ளி உட்பட. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். உயிர் வந்துவிட்டது, ஆனால் கணக்கு உதைத்தது.

"மூணு நாள் சூரியனைப் பாத்திருக்க. கழுகு தெரிஞ்சுதுன்ன. எப்படிடி கண்ணுல ஒரு கீறல்கூட இல்ல?"

மகள் மாமாவை ஒரு தரம் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"நான் கண்ணைத் திறக்கவே இல்லம்மா, பக்கத்துல இருந்தவங்க எல்லாம் தெரியுது, தெரியுதுன்னு கத்தினாங்க, நானும் தெரியுதுன்னுட்டேன்."