மடக்கி வைத்த வாதம்

இந்த முறை மனைவியிடம் வாதத்தில் ஜெயித்தே தீருவது என்று முடிவு செய்தேன். வாய்ச்சவடால் முடிவு இல்லை. அதற்கென்று ஒரு மென்பொருளே எழுதினேன்.

கல்யாணமான நாளிலிருந்து ஒரு வாதத்திலும் நான் ஜெயித்ததில்லை. பாயிண்ட் இல்லாமல் இல்லை. என்னிடம் பாயிண்ட் கொட்டிக் கிடக்கிறது. வரிசையாக வராது, அவ்வளவுதான். நான் விளக்கை அணைக்காமல் விடுவது பற்றி ஆரம்பிப்பேன். அவள் அங்கிருந்து ஒழுகும் குழாய்க்குப் போவாள். குழாயிலிருந்து என் தங்கைக்கு. தங்கையிலிருந்து எங்கள் கல்யாண போட்டோவில் நான் கொட்டாவி விட்டதற்கு. கொட்டாவிக்கு விளக்கம் யோசித்து நான் வாயைத் திறக்கும்போது அவள் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருப்பாள். விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும்.

எனக்கு சர்வர் அறையில் வேலை. கல்யாணத்துக்கு முன் மாமனாரிடமும் அப்படித்தான் சொன்னேன். "எந்த ஹோட்டல்?" என்றார். ஹோட்டலாக இருந்தால் வேளைக்குச் சாப்பாடாவது கிடைத்திருக்கும். இது கம்ப்யூட்டர் சர்வர். இரவெல்லாம் அலமாரி அலமாரியாக மிஷின்கள் மூச்சு விடும். பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பேன். சிவப்பு எரிந்தால் விஷயம் தெரிந்த ஒருவரை போன் போட்டு எழுப்புவேன். நாமும் விஷயம் தெரிந்தவராகலாமே என்று புத்தகம் பார்த்து, தப்புத் தப்பாக, தனியாக, புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன். கற்ற பிறகும் யாரும் என்னை எழுப்பவில்லை. நான்தான் ஏற்கெனவே முழித்திருக்கிறேனே.

காலையில் நான் வீட்டுக்குள் நுழையும்போது அவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவாள். டீச்சர் இல்லை. டீச்சர்களுக்கே கால அட்டவணை போடுகிறவள். மணி அடித்தால் எந்த டீச்சர் எந்த வகுப்பில் நிற்க வேண்டும் என்பது அவள் கையில். வாசலில் சந்திப்போம். சாவி கை மாறும். மற்ற வீடுகளில் அதற்கு தாம்பத்தியம் என்று பெயர். எங்கள் வீட்டில் ஷிப்ட் மாற்றம்.

எனக்கென்று மிஞ்சியது தெருப்பக்கத்துச் சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு தடித்த திரை. ஊர் உலகம் வேலை பார்க்கும் நேரத்தில் தூங்குகிறவனுக்கு அதுதான் சொத்து. அந்த அறைக்குத்தான் ஆபத்து வந்தது.

"என்னங்க, தம்பிக்கு வேலை போயிடுச்சு. கொஞ்ச நாள் நம்மகூட இருக்கட்டும்."

"கொஞ்ச நாள்னா?"

"வேற வேலை கெடைக்கிற வரைக்கும்."

"தேடுவானா?"

"தேடாம?"

"எங்க தேடுவான்?"

"சின்ன ரூம்ல இருந்துதான்."

என் மச்சினன் போனில் பேசினால் எதிர்முனைக்குப் போனே தேவைப்படாது. அப்படி ஒரு குரல். அவன் அந்த அறைக்கு வந்தால் என் தூக்கம் போகும். பகல் தூக்கம் போனால் ராத்திரி சிவப்பு விளக்கு எரியும்போது நான் குறட்டை விட்டுக்கொண்டிருப்பேன். வேலை போகும். அப்புறம் வேலை தேடுவதற்கு எனக்கு ஒரு அறை வேண்டும்.

பேசிப் பயனில்லை. எழுதி வைத்து வாதாட வேண்டும். தலைப்பு, உள்தலைப்பு, அதற்கும் உள்ளே ஆதாரம். அப்படி அடுக்கித் தரும் மென்பொருள்கள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். எல்லாமே அடுத்தவன் கட்டிய வீடு. சுவிட்ச் எங்கே இருக்கும் என்று தடவ வேண்டியிருக்கிறது. நானே எழுதினேன். ஒரு வரி. அதன் கீழே கொஞ்சம் உள்ளே தள்ளி இன்னொரு வரி. மேலே உள்ளது தாய். உள்ளே தள்ளியது பிள்ளை. தாயை மடக்கினால் பிள்ளைகள் மறையும், விரித்தால் வெளியே வரும். வரி மேல் வரி போட்டுக்கொண்டே போகலாம், அரசாங்கத்தைப் போல. 'மடக்கு' என்று பெயர் வைத்தேன். நடுவில் அவள் ஏதோ கேட்டபோதெல்லாம் திரையைப் பார்த்தபடியே 'ம்' என்றேன்.

பெயர் வைத்தால் போதுமா? யாரிடமாவது காட்ட வேண்டுமே. எனக்கு நண்பர்கள் என்று இருப்பவர்கள் நான் தூங்கும்போது விழித்திருக்கிறார்கள். கடைசியில், யாரை ஜெயிக்க எழுதினேனோ அவளிடமே காட்டினேன். என் வாதங்கள் இருந்த ஃபைலை அல்ல. காலி ஃபைல் ஒன்றை.

"மடக்குன்னா? யாரை?"

"வரியை."

"நல்லவேளை. இந்தச் சின்னக் கட்டம் எதுக்கு?"

"ஒத்துக்கிட்டா டிக் போடறதுக்கு. தாய்க்கு டிக் போட்டா பிள்ளைங்க அத்தனைக்கும் தானா விழுந்துடும்."

"மடக்கி வெச்சிருந்தாக்கூடவா? உள்ள என்ன இருக்குன்னே தெரியாதே."

"தாய் சரின்னா பிள்ளையும் சரி."

"அது எந்த வீட்டுல?"

"இன்னொண்ணு. பிள்ளைக்கு மட்டும் டிக்கை எடுக்க முடியாது. தாய்க்கு எடுத்தாதான் பிள்ளைக்கு."

"ஏன் அப்படி?"

"கொள்கை."

"சரிதான். இந்த ஃபைலை எங்க ஸ்கூல் கம்ப்யூட்டர்ல தெறக்கலாமா?"

இங்கேதான் எனக்குப் பெருமை. திறக்க முடியாது. சாதாரண எழுத்தாகச் சேமித்தால் யார் வேண்டுமானாலும் படித்துவிடலாம். எங்கள் வீட்டில் யார் வேண்டுமானாலும் என்றால் ஒரே ஒருத்தி. ஆகவே நானே ஒரு ஃபார்மேட் கண்டுபிடித்திருந்தேன். 'மடக்கு' தவிர வேறு எதில் திறந்தாலும் கட்டமும் கேள்விக்குறியுமாகத் தெரியும்.

"ஓ, உங்க கையெழுத்து மாதிரி" என்றாள்.

பிறகு ஒன்று சொன்னாள். அதுதான் என்னைக் கவிழ்த்தது.

"நல்லாத்தாங்க இருக்கு. எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க."

அதுவரை அந்த மென்பொருளுக்கு உபயோகிப்பாளர்கள் என்று இருந்தது நான் ஒருவன். மக்கள்தொகை ஒரே ராத்திரியில் இரட்டிப்பாகிவிட்டது.

அதன்பின் தினமும் காலையில் வாசலில் சாவியோடு ஒரு குறையும் கை மாறியது. "நேத்து ஒரு டீச்சரை ரெண்டு வகுப்புக்குக் கீழ போட முடியலீங்க."

"ஒரு பிள்ளைக்கு ஒரு தாய்தான். ரெண்டு தாய்னா அப்பனைத்தான் சந்தேகப்படுவாங்க."

"ஏன், என் தம்பி இருக்கான். எனக்குத் தம்பி, எங்கம்மாவுக்குப் பையன், உங்களுக்கு மச்சினன். ஒரே ஆளு மூணு எடத்துல இல்லையா?"

"மூணு எடத்துல இருக்கட்டும். நாலாவதா என் ரூம்ல வேண்டாம்."

சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை காலம்! "இது மட்டும் செஞ்சு குடுத்தீங்கன்னா உங்க சாஃப்ட்வேரை அடிச்சுக்க ஆளே இல்லீங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

செய்து கொடுத்தேன். ஒரே வரி இரண்டு தாய்க்குக் கீழ் இருக்கலாம். வேறு வேறு ஃபைலில்கூட இருக்கலாம். ஒரு இடத்தில் அதற்குப் பிள்ளை சேர்த்தால் இன்னொரு இடத்திலும் சேர்ந்துவிடும். இதற்காக என் ரகசிய ஃபார்மேட்டை உடைக்க வேண்டியதாயிற்று. உடைத்தது உடைத்தாயிற்று, ஸ்கூலில் திறக்கிற மாதிரி சாதாரண எழுத்தாகவே மாற்றிவிடுங்களேன் என்றாள். மாற்றினேன். அன்றே என் பழைய ஃபைல்களும் புது ஃபார்மேட்டுக்கு மாறின. என் வாதங்கள் உட்பட. என் புத்திக்கு அது எட்டவில்லை. அன்று காலை அவள், "எப்படிங்க இதெல்லாம் உங்களுக்குத் தோணுது?" என்று கேட்டிருந்தாள். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இரவு முழுக்க பச்சை விளக்குகளோடு நடந்துகொண்டிருந்தேன்.

இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவள் என்னிடம் அவ்வளவு பேசியது அந்த வாரங்களில்தான்.

மச்சினன் வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தைய ஞாயிறு. இருவருக்கும் விடுமுறை. சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்தேன். திரையில் மூன்று தலைப்புகள், மூன்றும் மடக்கியபடி. அவள் மறுக்க மறுக்க விரித்து, பிள்ளைகளை ஒவ்வொன்றாக இறக்கிவிடுவது திட்டம்.

"ரூம் விஷயமா பேசணும். நான் தலைப்பு சொல்றேன். நீ ஒத்துக்கிட்டா டிக். டிக் விழுந்தா முடிவு. அப்புறம் யாரும் பேச்சு மாறக் கூடாது."

"சரிங்க."

"ஒண்ணு. பகலில் எனக்குத் தூக்கம் வேண்டும்."

"ஆமா. பாவம், ராத்திரியெல்லாம் முழிக்கிறீங்க. டிக் போடுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போட்டேன்.

"ரெண்டு. வீடு அமைதியாக இருக்க வேண்டும்."

"கண்டிப்பா."

டிக்.

"மூணு. என்னை யாரும் எழுப்பக் கூடாது."

"யார் எழுப்பப் போறா? டிக்."

முடிந்தது. ஜெயித்துவிட்டேன். ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டிய விஷயம். ஆனால் மனசு அடங்கவில்லை. எவ்வளவு ஆதாரம் சேர்த்திருந்தேன்! தூக்கம் கெட்டால் நினைவாற்றல் குறைவது பற்றி, கை நடுங்குவது பற்றி, மச்சினனின் தும்மல் பற்றித் தனியாக ஒரு கிளை. ஒரு பிள்ளைகூட வெளிச்சத்தைப் பார்க்கவில்லை.

"உள்ள என்னெல்லாம் எழுதியிருக்கேன்னு ஒரு தடவை பாரேன்."

"அதான் ஒத்துக்கிட்டேனே, விடுங்க."

"சும்மா பாரு."

விரித்தேன்.

என் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்குக் கீழே வேறு சில பிள்ளைகளும் இருந்தார்கள். எழுத்துப்பிழை இல்லாததால் அவை என்னுடையவை இல்லை என்று உடனே தெரிந்தது.

பகலில் எனக்குத் தூக்கம் வேண்டும் என்ற தாய்க்குக் கீழே: சின்ன அறை தெருப்பக்கம், சத்தம் அதிகம். சமையலறைக்குப் பின்னால் உள்ள சாமான் அறைக்கு ஜன்னல் இல்லை, நல்ல இருட்டு. ஆகவே கட்டிலை அங்கே போடுவது. சின்ன அறை தம்பிக்கு.

வீடு அமைதியாக இருக்க வேண்டும் என்பதன் கீழே: குறட்டைச் சத்தம் வெளியே வராமல் சாமான் அறைக் கதவைச் சாத்தி வைப்பது.

என்னை யாரும் எழுப்பக் கூடாது என்பதன் கீழே ஒரே ஒரு பிள்ளை: சாப்பாட்டுக்கும்.

எல்லாவற்றிலும் டிக். அழகான, வரிசையான, நானே வரைந்த டிக்.

"இதெல்லாம் யார் எழுதினது?"

"நான்தான். உங்க மூணு தலைப்பையும் என் ஃபைல்ல கொண்டுபோய் வெச்சேன். ஒரே வரி ரெண்டு எடத்துல. நீங்கதான செஞ்சு குடுத்தீங்க?"

"இதுக்கெல்லாம் டிக்கை எடுத்துடறேன்."

"எடுங்களேன்."

சாமான் அறை வரியில் டிக்கைத் தட்டினேன். அசையவில்லை. தாய்க்கு எடுத்தால்தான் பிள்ளைக்கு.

"அப்ப தாய்க்கே எடுக்கறேன்!"

"எடுங்க. பகல்ல தூக்கம் வேண்டாம்னு சொல்றீங்க. எனக்கு ஒண்ணுமில்ல. தம்பிகூட பேச்சுத்துணையா இருப்பீங்க."

விரலைத் திரையிலிருந்து எடுத்தேன். அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

"எத்தனை தடவை நேரா கேட்டேன், ரூமைப் பத்தி? திரையைப் பாத்துக்கிட்டே 'ம்'னீங்க. எழுதி வெச்சாதான் படிப்பீங்கன்னு புரிஞ்சுபோச்சு."

மறுபடியும் 'ம்' என்றேன்.

மச்சினன் வந்தான். "மாமா, உங்க ரூம் செம காத்து மாமா!" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி நன்றி சொன்னான். கட்டிலின் அந்தப்பக்கத்தை அவனே பிடித்து, சாமான் அறைக்குள் தள்ளினான். பழைய மிக்சி, உடைந்த குடை, ஒரு மூட்டை பழைய துணி, நான். கொடுமை என்னவென்றால் இருட்டு உண்மையிலேயே நன்றாக இருந்தது. குறை சொல்லக்கூட வழியில்லை.

கதவைச் சாத்த வந்தாள். எனக்கு ஒன்று மட்டும் தெரிந்தாக வேண்டும். அறை போகட்டும்.

"காலையில காலையில நல்லாருக்கு நல்லாருக்குன்னியே, அதெல்லாம் சும்மாவா? நெஜத்தைச் சொல்லு. என் சாஃப்ட்வேர்ல எங்க தப்பு?"

கதவைப் பாதி சாத்திவிட்டுத் தலையை மட்டும் உள்ளே நீட்டினாள்.

"தப்பே இல்லீங்க. சாமி சத்தியமா நல்லாத்தான் இருக்கு. உபயோகிக்கிற ஆளுதான் சரியில்ல."