அரை விரல் இறுக்கம்

தையல்காரனுக்கு மூளை தேவையில்லை, அளவு நாடா போதும் என்று என் மனைவி அடிக்கடி சொல்வாள். எனக்கும் மூளை இருக்கிறது என்று காட்டப் போய்த்தான் இந்தக் கதி.

எங்கள் மகளுக்குப் பதின்மூன்று வயது. டாக்டரம்மா ரத்தத்தைச் சோதித்துவிட்டு, இந்த வயதிலேயே சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, ஈரலிலும் கொழுப்பு சேர்ந்திருக்கிறது, எதையும் நிறுத்த வேண்டாம், அளவைக் குறையுங்கள் என்றார். வீட்டுக்கு வந்ததும் மனைவி பெரிய தட்டுகளையெல்லாம் பரணில் ஏற்றினாள். இனி மூவருக்கும் சின்னத் தட்டு, ஒரே கரண்டி, இரண்டாம் முறை கிடையாது. பிள்ளை கொஞ்சமாகச் சாப்பிடும்போது எதிரே அப்பா மலை மாதிரி குவித்துக்கொண்டால் அவள் மனசு என்ன பாடுபடும் என்று கேட்டாள்.

நான் பரணில் ஏறி என் தட்டை மட்டும் இறக்கிக்கொண்டேன். நாள் முழுக்க மிஷின் மிதிக்கிறவன். ஒரு பிடி பிடிக்காவிட்டால் எனக்குக் கால் அசையாது.

மகளுக்கு வேறு வழி கண்டுபிடித்தேன். அவள் பள்ளிச் சீருடையைத் தைத்தவனே நான்தானே? ஞாயிறுதோறும் இஸ்திரி போடுகிற சாக்கில் ஸ்கர்ட்டை எடுத்து, இடுப்பில் அரை விரல் பிடித்துத் தைத்தேன். பருத்துக்கொண்டே போகிறோம் என்று பயந்தால் தானாகக் குறைத்துச் சாப்பிடுவாள். என் தட்டும் தப்பிக்கும்.

திட்டம் அமோகமாகப் பலித்தது. மதியச் சாப்பாட்டு டப்பா போன மாதிரியே திரும்பி வந்தது. நான் கடையில் சீட்டியடித்துக்கொண்டு தைத்தேன். அப்புறம் ஒரு மத்தியானம் பள்ளியிலிருந்து போன் வந்தது. மகள் மைதானத்தில் மயங்கி விழுந்துவிட்டாளாம்.

கிளினிக் கட்டிலில் உதடு வெடித்துக் கிடந்தாள். தண்ணீர்கூடவா குடிக்கவில்லை என்று டாக்டரம்மா கேட்டார்.

"தண்ணி குடிச்சாலும் குண்டாகுறேன் டாக்டர். ஸ்கர்ட் இறுகிக்கிட்டே போகுது."

அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. மகளை வீட்டுக்குக் கூட்டி வந்தபின், யாருக்கும் தெரியாமல் தையலைப் பிரித்துவிடலாம் என்று அவள் கழற்றிப் போட்ட ஸ்கர்ட்டைத் தேடினேன். அதற்குள் மனைவி அந்த ஸ்கர்ட்டை எங்கோ எடுத்து வைத்திருந்தாள். பாப்பாவுக்குத் தாராளமாகப் புதுசு ஒன்று தைத்துவிடுங்கள் என்றாள். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் என் பேன்ட் இறுகியது. அதற்கடுத்த வாரம் கொக்கி மாட்ட மூச்சை உள்ளே இழுக்க வேண்டியிருந்தது. மனைவியிடம் சொன்னால், வயசாகுது இல்லையா என்று கீரை ஆய்ந்தபடியே பதில் வந்தது. நானாகவே என் பெரிய தட்டைப் பரணில் ஏற்றினேன். பிறகு ராத்திரிச் சாப்பாட்டையும் விட்டேன். மிஷின் மிதிக்கையில் கண் இருட்டியது. ஒருவர் சட்டைக்கு இரண்டு பக்கமும் இடதுகையையே வைத்துத் தைத்துக் கொடுத்தேன். பேன்ட் மட்டும் இரக்கம் காட்டவில்லை. வயிற்றுக்குள் ஏதோ கட்டி வளர்கிறது என்று முடிவுகட்டி டாக்டரம்மாவிடம் ஓடினேன். எடை போட்டார். நான் நன்றாக இளைத்திருக்கிறேனாம். உங்கள் எடை மிஷின் கோளாறு என்று அவரிடமே சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

வீட்டில், துணி வெட்டும் மேசையில் மகளின் பழைய ஸ்கர்ட்டையும் என் இன்னொரு பேன்ட்டையும் உள்பக்கம் திருப்பிப் பரப்பி வைத்திருந்தாள் மனைவி. இரண்டின் இடுப்பிலும் அரை அரை விரலாகத் தையல் நெருங்கி நெருங்கி ஓடியது.

"பயமா இருந்துச்சா?"

"செத்துடுவேன்னு நினைச்சேன்."

"அவளும் அப்படித்தான் நினைச்சா. பதிமூணு வயசுங்க அவளுக்கு."

வெட்கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்படியும் தொழில் புத்தி போகுமா? கண் அந்தப் பேன்ட் தையலிலேயே நின்றது. ஒரு நூல்கூடக் கோணவில்லை. மனைவிக்குப் பொத்தான் கட்டுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாது என்றுதான் இத்தனை நாளாக நினைத்திருந்தேன்.

"இவ்வளவு நேர்த்தியா நீ எப்போ கத்துக்கிட்ட?"

அவள் ஸ்கர்ட்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பாப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத. அப்புறம் அவ என் முகத்துலயே முழிக்க மாட்டா."

"சொல்றதுக்கு என்னங்க இருக்கு? உங்க பேன்ட்டைப் பிடிச்சுத் தைச்சதே அவதான்."