மேயர் பிறந்த வூடு

சாக்கடைத் தண்ணீர் கட்டில் காலைத் தொட்டபோதுதான் லட்சுமணன் வாயில் அந்தப் பொய் வந்தது.

எர்ணாவூர், நாலாவது வார்டு. கால்வாய் அடைத்துக்கொண்டு தெருவில் நின்ற தண்ணீர் இப்போது வீட்டுக்குள். மாநகராட்சி இன்ஜினியர் ரவிக்குமார் பேன்ட்டை மடித்துக்கொண்டு நடுவீட்டில் நின்றார்.

"லாரி வரணும், ஆள் வரணும். பாப்போம்."

'பாப்போம்' என்றால் அடுத்த மழைக்குத்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்கித் தோள் காய்த்துப்போனவனுக்கு அது தெரியாதா?

"சார், டிவில மேயரம்மா இன்னா சொன்னாங்க, பாத்தியா?"

பார்க்காதவர் யார்? பதவியேற்ற அன்று புது மேயர் எழில்மொழி பேசியது எல்லார் செல்போனிலும் ஓடியது. 'நான் நாலாவது வார்டுல பொறந்தவ. கட்டில்கூட இல்லாம வெறுந்தரையில பொறந்தவ.' எந்தத் தெரு, எந்த வீடு என்று அன்றிலிருந்து வார்டே மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

"அந்தத் தரைலதான் சார் நீ நின்னுகினு கீற."

ரவிக்குமார் சட்டென்று ஒரு காலைத் தூக்கினார்.

அவர் போனதும் வரலட்சுமி புருஷனைப் பிடித்தாள். "இன்னாய்யா உளர்றே?"

"எங்க நைனா காலத்துல முன் ரூம்ல வாடகைக்கு இருந்த அம்மா ஒரு பொட்டப்புள்ள பெத்துச்சுல்ல? அதுவா இருந்தா?"

மறுநாளே லாரி வந்தது. கால்வாய் பளிச்சென்று ஆனது. பின்னாலேயே ஜனம் வந்தது.

"புள்ளையத் தூங்க வைக்க ஏணை எங்க கட்னாங்க?"

"அதோ, அந்த உத்தரத்துல."

"சின்னதுலயே நல்லாப் பேசுமா?"

"அழுதாலே தெருக்கோடி வரைக்கும் கேக்கும். மைக்கே வேணாம்."

ஒரு வாரத்தில் ரவிக்குமார் முகமெல்லாம் பல்லாக வந்தார். "அண்ணே, இந்த வீட்ட நினைவில்லம் ஆக்கப் போறோம். ஒங்களுக்கு ஊருக்கு வெளிய பெரும்பாக்கம் குடியிருப்புல எட்டாவது மாடி வீடு!"

"உசுரோட கீறவங்களுக்கு இன்னா சார் நினைவில்லம்?"

வரலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். "நாறினாலும் இது நம்ம வூடுய்யா. அங்கேர்ந்து எப்டி ஹார்பருக்குப் போவே? பொய்யினு சொல்லிடு!"

சொன்னான். "என்ன தன்னடக்கம்!" என்று ரவிக்குமார் உருகினார்.

வேறு வழியில்லாமல் லட்சுமணன் எதிர்ப்பக்கம் கையைக் காட்டினான். "எனக்குத்தான் மறந்துபோச்சு சார். அவங்க பொறந்தது டென்னிஸ் அண்ணன் கடையில."

மளிகைக்கடை டென்னிஸ் தராசை விட்டுவிட்டு ஓடி வந்தான். "ஏலேய், எங்கப்பா தூத்துக்குடிலருந்து வந்து கட்டுன கடைடா! அதுல நீ எதுக்குப் பிரசவம் பாக்க?"

ரவிக்குமார் யோசித்தார். "பரவாயில்ல, ரெண்டையும் எடுத்துடலாம். கார் நிறுத்த இடம் வேணும்ல."

டென்னிஸ் லட்சுமணன் சட்டையைப் பிடிக்கவும் சைரன் கேட்கவும் சரியாக இருந்தது. மேயரே வந்துவிட்டார், கூடவே வயசான அம்மாவையும் கூட்டிக்கொண்டு. அம்மா காரைவிட்டு இறங்குவதற்குள் மேயர் உள்ளே நுழைந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். லட்சுமணன் தடாலென்று அவர் காலில் விழுந்தான்.

"மேயரம்மா, எல்லாம் பொய்! கால்வாய்க்காக அவுத்து வுட்டேன். என்னை உள்ள வேணாத் தள்ளு, வூட்ட மட்டும் எடுக்காத."

மேயர் முகம் மாறியது. "நாலாவது வார்டுலதான் பொறந்தேன்னு எங்கம்மா சொன்னாங்களே, அதுவும் பொய்யா?"

கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கிய அம்மா, மூக்கைப் பொத்தியபடி தெருவை மேலும் கீழும் பார்த்தாள்.

"இது இன்னா ஏரியா எழிலு, நான் பாத்ததே இல்லியே? கட்டில் காலி இல்லேன்னு உன்னைத் தரையில பெத்தது ஆசுபத்திரி நாலாவது வார்டுலடி!"