வாய்தா மீன்

சாயங்காலம் நாலரை மணிக்கு மூன்றாவது மீனும் மல்லாந்துவிட்டது.

காலையில் தொட்டியில் விட்டபோது மூன்றும் ஆரஞ்சு நிற வாலை விசிறிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தன. இப்போது மூன்றும் வெளிறிய வயிற்றைக் காட்டி மேலே மிதந்தன. அடியில் கூழாங்கல் மேல் பழைய கறுப்பு மீன் மட்டும் அசையாமல் நின்று இளையபெருமாளைப் பார்த்தது.

“கமலா, இது என்னையே பாக்குதுடி.”

“அதுக்கு இமை கிடையாதுங்க. எல்லாத்தையும்தான் பாக்கும்” என்றாள் கமலாம்பாள். பாத்திரத்தில் செத்த மீன்களை அள்ளினாள். “இன்னிக்கு ஆபீஸ்ல எத்தனை மனு?”

“மூணு.”

“மூணுக்கும்?”

“வாய்தாதான்.”

கமலாம்பாள் பாத்திரத்தைப் பார்த்தாள். அதை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்.

குத்தாலத்துக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரில் இளையபெருமாள் குத்தகைப் பதிவு அதிகாரி. ஆட்சி மாறி, நிலத்தை உழுகிறவர் பெயரைச் சர்க்கார் பதிவேட்டில் ஏற்றவேண்டும் என்று சட்டம் வந்திருந்த காலம். ஏற்றினால் மிராசுதார்களுக்குக் கோபம் வரும். ஏற்றாவிட்டால் கொடி பிடித்துக்கொண்டு ஊரே வாசலில் வந்து உட்காரும். இரண்டுக்கும் பயந்த இளையபெருமாள் எந்த மனு வந்தாலும் வாய்தா போட்டுத் தள்ளிவைத்துவிடுவார்.

கட்டடத்தின் முன்பக்கம் ஆபீஸ், பின்பக்கம் வீடு. நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவை ஒட்டித்தான் மீன் தொட்டி இருந்தது. முன்னால் இருந்த அதிகாரி, கறுப்பு மீனோடு விட்டுவிட்டுப் போன தொட்டி.

தண்ணீர் அழுக்கு என்று முடிவுகட்டிய இளையபெருமாள், மறுநாள் விடிந்ததும் கறுப்பு மீனைக் குடத்தில் விட்டு, தொட்டியைச் சலவைச் சோடா போட்டுத் தேய்த்துக் கழுவினார். புதிதாகக் கிணற்றுத் தண்ணீரை நிரப்பினார். கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்த கலந்தர், ஓரமாகக் கண்ணாடி ஜாடிகளில் கலர் மீனும் விற்றார். அவரிடம் நான்கு மீன் வாங்கிவந்தார்.

“ஒரேயடியா எல்லாத் தண்ணியையும் மாத்தாதீங்க சார்” என்றார் கலந்தர்.

“எனக்குத் தெரியும்யா.”

அன்று நான்கு மனு. நான்காவது கண்ணாத்தாளுடையது. புருஷன் செத்த பிறகு மூன்று மா நிலத்தைத் தனியாகச் சாகுபடி செய்கிறவள். நிலத்துக்காரர் இராஜாங்கம் வெள்ளை வேட்டி கசங்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“அவ பண்ணையில கூலிக்கு வந்தவ சார். குத்தகையாவது ஒண்ணாவது.”

கண்ணாத்தாள் அழவில்லை, காலிலும் விழவில்லை. இளையபெருமாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஆடி கழிச்சுப் பாக்கலாம்மா” என்றார் அவர்.

“நாத்து முத்திடுமேங்க சார். இவங்க வேற ஆளை இறக்கி நட்டுட்டா அப்புறம் எனக்கு ஏதுங்க நிலம்?”

“வாய்தா போட்டாச்சும்மா.”

கோப்பை மூடிவிட்டுக் கதவைத் தள்ளி உள்ளே வந்தார். மூன்று மீன் ஏற்கெனவே மிதந்துகொண்டிருந்தன. அவர் கண்ணெதிரிலேயே நான்காவது மீன் ஒரு சுற்றுச் சுற்றி மெல்லச் சாய்ந்தது. கறுப்பு மீன் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்தது. வாயைத் திறந்தது, மூடியது. திறந்தது, மூடியது.

வாய்... தா. வாய்... தா.

இளையபெருமாள் ஓரடி பின்வாங்கினார்.

“நேத்து மூணு மனு, மூணு மீன். இன்னிக்கு நாலு மனு, நாலு மீன்” என்றாள் கமலாம்பாள், பின்னாலிருந்து.

“உளறாதே!” என்று கத்தினார். அவரும் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் தொட்டியில் இரண்டு கைப்பிடி கல்லுப்புப் போட்டார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வேப்பிலையும் போட்டார். மனம் ஆறாமல் கோயிலிலிருந்து ஒரு சொம்பு தீர்த்தம் கொண்டுவந்து ஊற்றினார். தண்ணீர் ரசம் மாதிரி ஆயிற்று. அன்று இரண்டு மனுவுக்கு வாய்தா. புதிதாக விட்ட இரண்டு மீனும் மத்தியானத்தைத் தாண்டவில்லை. கறுப்பு மீன் மட்டும் ஒரு வேப்பிலையை வாயில் கவ்விக்கொண்டு நின்றது.

விசாரணையே நடத்தாவிட்டால் அது என்ன செய்யும்? அடுத்த நாள் வயிற்றுவலி என்று லீவு போட்டுவிட்டு, ஒரே ஒரு மீனை விட்டு, எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வெளியே பதினோரு பேர் மனுவோடு வந்து காத்திருந்து திரும்பிப் போனார்கள். அந்த ஒரு மீனும் செத்தது. பாக்கிப் பத்து எங்கே என்று கேட்பதுபோல் கறுப்பு மீன் அவரைப் பார்த்தது.

மறுநாள் காலையில் இரண்டு மீனை விட்டுவிட்டு நேராக ஆபீசுக்குப் போய், கண்ணாத்தாளைக் கூப்பிட்டு அனுப்பினார். இராஜாங்கமும் வந்து சேர்ந்தார்.

“ஆடி கழிச்சுன்னீங்களே சார்?”

“இன்னிக்கே பாத்துடுவோம்.” அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. “விதை யாரும்மா போட்டது?”

“நான்தாங்க.”

“அறுத்து வந்த கண்டுமுதல்ல பங்கு எப்படி?”

“அளந்து அவங்க பங்கைக் களத்துலயே கொடுத்துடுவேங்க. பக்கத்து வயக்காரங்க எல்லாம் பாத்திருக்காங்க.”

பக்கத்து வயல்காரர்கள் நான்கு பேர் வந்து ஆமாம் என்றார்கள். இளையபெருமாள் பதிவேட்டில் எழுதினார்: கண்ணாத்தாள், சாகுபடிதாரர். கீழே கையெழுத்துப் போட்டார்.

“மேல பாத்துக்கறேன்” என்று எழுந்து போனார் இராஜாங்கம். அதுகூடக் காதில் விழாமல் இளையபெருமாள் உள்ளே ஓடினார்.

இரண்டு மீனும் நீந்திக்கொண்டிருந்தன. சாயங்காலமும் நீந்தின. மறுநாள் காலையிலும் நீந்தின.

அதன்பிறகு இளையபெருமாளைப் பிடிக்க முடியவில்லை. வந்த மனுவை அன்றைக்கே விசாரித்தார். சந்தேகம் வந்தால் வயலுக்கே போய் வரப்பில் நின்று கேட்டார். பாதி ஊரின் பெயர் பதிவேட்டில் ஏறியது. ஒரே ஒரு நாள், இராஜாங்கம் பெரிய இடத்துச் சிபாரிசோடு வந்தபோது, பழைய பயம் தலைதூக்கி ஒரு மனுவைத் தள்ளிவைத்தார். சாயங்காலம் இரண்டு மீனும் மிதந்தன. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடி, மனுதாரரை வீட்டிலிருந்து அழைத்துவந்து, விசாரித்துக் கையெழுத்துப் போட்டார். அடுத்த நாள் கமலாம்பாளே வேறு இரண்டு மீன் வாங்கிவந்து விட்டாள். அப்புறம் எந்த மீனும் மிதந்து அவர் பார்க்கவில்லை.

ஒருநாள் கண்ணாத்தாள் சேற்றுக் காலோடு வாசலில் வந்து நின்றாள். “நடவு முடிஞ்சுதுங்க சார்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். இளையபெருமாள் வாசலுக்கு எழுந்து வந்து, அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்தார்.

ஆடி கடைசியில் சைக்கிளுக்குக் காற்றடிக்கக் கலந்தர் கடைக்குப் போனவர், பெருமையை அடக்கமுடியாமல் சொன்னார்.

“கலந்தர், இப்பல்லாம் என் தொட்டியில மீன் சாகறதே இல்லை, தெரியுமா?”

கலந்தர் பம்பை நிறுத்தினார். “சாகறதில்லையா? அந்தத் தொட்டியிலயா?”

“ஏன்யா?”

“மொதல்ல இருந்தது வருஷக்கணக்கா மாத்தாத தண்ணி சார். கறுப்பு மீனு உள்ளேயே கிடந்து கொஞ்சம் கொஞ்சமாப் பழகிடுச்சு. புது மீனை ஒரேயடியா அதுல விட்டா எப்படித் தாங்கும்? அது பத்தாதுன்னு நீங்க வேற தண்ணியை ஒரேயடியா மாத்தி, சோடா, உப்பு, தீர்த்தம்னு ஊத்தி வச்சீங்க. அதுல எந்தப் புது மீனும் ஒரு நாள் முழுசா இருக்காது.”

“அப்ப என் வீட்ல நீந்துற ரெண்டு?”

கலந்தர் கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே அவரை விசித்திரமாகப் பார்த்தார்.

“அட, வீட்டம்மா உங்ககிட்ட சொல்லலையா சார்? தினம் செத்ததை எடுத்துப்போட்டுட்டு, அதே மாதிரி ரெண்டு வாங்கிட்டுப் போறாங்களே... நடுவுல நீங்க வாய்தா போட்ட அன்னிக்கு மட்டும்தான் ‘இன்னிக்கு வேணாம் கலந்தர்’னுட்டாங்க!”