அரசலாற்றில் விட்ட சிம்

என் அடையாளத்தை எவனாவது திருடினால் அவனுக்குத்தான் நஷ்டம் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். எட்டாம் வகுப்பு, நாலு ஊர் ஓட்டல் வேலை, பாதியில் திரும்பிய ஒரு மஸ்கட் பயணம். இதை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்துவிடுவான்?

தோஹாவில் எனக்கு ஸ்டோர் வேலை பேசியிருந்த ஏஜென்சியின் கம்ப்யூட்டரிலிருந்து எல்லோருடைய விவரமும் வெளியே போய்விட்டது. மறுநாளே யார் யாரோ போனில் ஓடிபி கேட்டார்கள். என் வாப்பா பெயரைக்கூடச் சொன்னார்கள் (என்னைவிட மரியாதையாக).

அப்போது காரைக்காலில் லாத்தா வீட்டில் ஒண்டியிருந்தேன். என் அக்காளுக்கு ஊரெல்லாம் யோசனை சொல்லும் குணம். மச்சான் எங்கோ விசாரித்து வந்து, "ஆதார்ல கைரேகையப் பூட்டிடுவோம் மாப்ள" என்றார். பூட்டினோம். அத்தோடு விட்டிருக்கலாம்.

"அந்த நம்பர் இன்னும் எதுக்குடா? வெட்டிப் போடு" என்றாள் லாத்தா.

நகவெட்டியால் சிம்மை மூன்று துண்டாக்கினேன். குப்பைக்குப் போன என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வெட்டுன நகத்தையே கண்ட எடத்துல போடமாட்டோம். எவனாச்சும் எடுத்து எதையாச்சும் செஞ்சுட்டா?"

பிஸ்மி சொல்லி அரசலாற்றில் விட்டுவிட்டு, புது எண் வாங்க சிம் கடைக்குப் போனேன்.

கடையிலிருந்த பெண் மெஷினை நீட்டினாள். கட்டைவிரலை வைத்தேன். சிவப்பு விளக்கு.

"ரேகை பூட்டியிருக்குங்க. தொறந்துட்டு வாங்க."

"எப்படிங்க தொறக்குறது?"

"ஆதார்ல குடுத்த நம்பருக்கு ஓடிபி வரும்ல?"

"அது ஆத்துல கெடக்கு."

வேறு அட்டை கேட்டாள். பாஸ்போர்ட் ஏஜென்சியில். நான் மட்டும்தான் என்னிடம் இருந்தேன், அது செல்லாது.

மச்சான் போனிலிருந்து ஏஜென்சியைக் கூப்பிட்டேன். "நீங்கதான் அவருன்னு எப்படிங்க நம்புறது? வெவரம் வெளிய போனதுலேருந்து ரொம்ப உஷாரா இருக்கோம். பதிஞ்ச நம்பருக்கு ஓடிபி அனுப்புறோம், சொல்லுங்க."

மச்சான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

ஆதார் மையத்தில் வரிசையில் நின்று மச்சான் எண்ணைச் சேர்த்து ரேகையைத் திறப்பதற்குள் தோஹா இடம் வேறொருவனுக்குப் போய்விட்டது. பாஸ்போர்ட் மட்டும் தபாலில் திரும்பி வந்தது. அதற்கு யாரும் ஓடிபி கேட்கவில்லை.

இப்போது காரைக்காலிலேயே, தருமபுரத்தில் ஒரு கிடங்கில் மூட்டை இறக்குகிறேன். திருடன் என் பெயரில் எங்கே இருக்கிறானோ, தெரியாது. தோஹாவில் இருந்தாலும் வியப்பில்லை.

தினமும் மதியம் தட்டின் முன் உட்கார்ந்ததும், கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி லாத்தா கேட்கிறாள்: "ஓடிபிய சொல்லு."

"ஆத்துல கெடக்கு."

அதற்குப் பிறகுதான் சோறு விழும்.